டெஸ்ட்டுக்கு முந்தின பட்டினி

போன வாரம் தனிக்குடித்தனம் போகப் பூட்டுக் கடை மாடியில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு, எதையுமே பார்க்காதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தங்கையும் அவள் கணவரும் திரும்பி வந்தார்கள் இல்லையா? வீட்டுக்காரம்மா இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தாள். தங்கை இன்னும் அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை.

திறந்தால்தான் அந்த வாயில் அக்கா சோற்றை வைத்துவிடுகிறாளே!

"இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ."

"அக்கா, காலங்காத்தால யாராவது இவ்வளவு சோறு சாப்பிடுவாங்களா?"

"எனக்கு வயிறு மந்தமா இருக்கு. என் பங்கை யாரு சாப்பிடறது? குப்பையில கொட்டச் சொல்றியா?"

குப்பையில் கொட்டுவதற்குப் பதிலாகத் தங்கையின் தட்டில் கொட்டினாள். இந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கட்டிக்கொண்டவர்கள். பஸ் ஓட்டுகிற மூத்தவரைக் கட்டிக்கொண்டு அக்கா முதலில் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்தாள். பல வருஷம் கழித்து, டயர்க் கடையில் வேலை பார்க்கிற கொழுந்தனுக்குத் தன் தங்கையையே பேசி முடித்து அழைத்துக்கொண்டாள். தங்கையே ஓரகத்தியும் ஆனாள். வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. அந்த அடுப்பு அக்காவுடையது.

அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லி நாளாகிறது. அக்காவும் குறைத்தாள், டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும். மற்ற நாளெல்லாம் மூன்று வேளையும் சோறு, டெஸ்ட் வருகிறது என்றால் பச்சைத் தண்ணீர். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை மாதிரிதான். ஆனால் குக்கரில் போடுகிற அரிசியை மட்டும் குறைக்க மாட்டாள். அளவு குறைந்தால் வீட்டில் யாரோ ஒருத்தர் குறைந்த மாதிரி இருக்கிறதாம்.

தங்கை தொட்டியை ஒட்டி நின்றபடியே சோற்றை விழுங்கினாள். அந்தச் சமையலறையில் அவளுடைய இடம் அதுதான். அடுப்புப் பக்கம் அக்கா, தொட்டிப் பக்கம் தங்கை. மேஜையைச் சுற்றி இருக்கிற நாற்காலிகள் ஆண்பிள்ளைகளுக்கு.

ஒரு தடவை தனக்கென்று நாலு வெள்ளரிக்காய் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். பச்சையாக நறுக்கி, உப்புத் தூவிச் சாப்பிட ஆசை. மறுநாள் பார்த்தால் அது பருப்புப் போட்டு, தாளித்து, குழம்பாகி இருந்தது. "வாடிப் போயிடுமேன்னு நானே பண்ணிட்டேன்" என்றாள் அக்கா. அன்பாகத்தான் சொன்னாள். அன்பு என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் அவள் கணவர் காத்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"டெஸ்ட் முடியட்டுங்க."

"டெஸ்ட் முடிஞ்சா ரிசல்ட் வரட்டும்பே. ரிசல்ட் வந்தா அவங்க மனசு தேறட்டும்பே. அதுக்குள்ள அந்த வீட்டுல வேற யாராவது பால் காய்ச்சிடுவாங்க."

"இன்னிக்குச் சொல்லிடறேன். சத்தியமா."

"நான் வேணா அண்ணிகிட்ட பேசவா?"

"நீங்க பேசினா உங்க அண்ணி என்கிட்டதான் அழுவாங்க. நானே பார்த்துக்கறேன்."

உள்ளே அக்கா அலமாரிப் பக்கம் திரும்பி நின்று எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேரே வேலைக்குப் போவாள். சாயங்காலம் மறுபடி கிளினிக். அங்கே விரலில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பார்கள். அதுவரைக்கும் பல்லில் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் படக்கூடாது என்பது அக்காவின் சட்டம். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

*

தங்கைக்கு வேலை, ரொட்டிக்கு நடுவே காய்கறியும் முட்டையும் வைத்து டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில். பெரிய கூடம், ஐஸ்பெட்டிக்குள் நிற்கிற மாதிரி குளிர். தலைக்கு வலை, கைக்கு உறை. பெல்ட்டில் ரொட்டித் துண்டுகள் வரிசையாக வரும். இவள் வெள்ளரி வைக்க வேண்டும், அடுத்தவள் முட்டை வைக்க வேண்டும், அதற்கு அடுத்தவள் மூட வேண்டும். தும்மினால்கூட வரிசை தப்பிவிடும்.

மேல் காகிதம் கோணலாக ஒட்டிய டப்பாக்களைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதை வேலைக்காரர்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

வந்த புதிதில் அந்தக் குளிர்ந்த ரொட்டியைப் பார்த்தாலே தங்கை டப்பாவைத் தள்ளிவிடுவாள். யாரோ தண்டனை கொடுத்த மாதிரி இருக்கும். பிறகு பசிக்குச் சாப்பிட்டாள். பிறகு பழகிப் போனது. இப்போது அந்த வெள்ளரியும் முட்டையும் மிளகுத் தூளும் இல்லாவிட்டால் மத்தியானமே விடிவதில்லை. நாக்கு எந்த நாள் மாறியது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ருசி மட்டும் காரணமில்லை. ஓய்வறையில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். மெதுவாக மெல்லுவாள். "இன்னும் ஒரு கரண்டி" என்று தலைக்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள். நாள் முழுக்க அவள் தனக்காகச் செய்துகொள்கிற ஒரே காரியம் அதுதான்.

ஆனால் வீட்டில் இதைச் சொன்னதில்லை. "வேலையில என்னடி சாப்பிட்டே?" என்று அக்கா கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பாள். "ஐயோ, பட்டினியா வந்திருக்கியே!" என்று அக்கா தட்டு நிறையச் சோறு போடுவாள். அதையும் விழுங்க வேண்டும். ஒரு பொய்க்காக இரண்டு சாப்பாடு சாப்பிடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இவள் ஒருத்தி. போட்டிருந்த பேண்ட்டின் இடுப்புப் பட்டன் போன மாதம் தெறித்து எங்கேயோ போய்விட்டது, ஊக்கு போட்டுச் சமாளிக்கிறாள்.

இன்று நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைப் பிரிக்கப் போன நேரம் போன் அடித்தது. அக்கா வேலை செய்கிற சலவைக்கூடத்திலிருந்து.

"உங்க அக்கா தலை சுத்தி விழுந்துட்டாங்க. உடனே வாங்க."

சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு "போ" என்றாள். தங்கை தலை வலையைக்கூடக் கழற்றவில்லை. பஸ் ஏறிக் கணவருக்குப் போன் செய்த பிறகுதான் கையில் டப்பா இருப்பதையே பார்த்தாள்.

*

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி துவைக்கிற இடம் அது. உள்ளே போனாலே ஆவி முகத்தில் அடிக்கும். அக்கா வெள்ளை விரிப்புகளின் குவியல் மேல் சாய்ந்து கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கைகள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

கூட வேலை செய்கிறவள் ஒருத்தி பழச்சாறும் கையுமாக மண்டியிட்டிருந்தாள். "ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்னா வேண்டாங்கறாங்க. இதைக் குடிங்கன்னா பல்லைக் கடிச்சுக்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

"அக்கா! குடி!"

அக்கா தலையை ஆட்டினாள். "சாயங்காலம்... விரல்ல குத்துவாங்கடி. இப்ப இதைக் குடிச்சா... எல்லாம் கெட்டுப் போயிடும்."

"என்ன கெட்டுப் போயிடும்?"

"ஒரு வாரமா... கிடந்த பட்டினி."

கண் சொருகுகிறது, இவளுக்குப் பரீட்சை மார்க் கவலை!

"காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"எத்தனை?"

அக்கா விரிப்பை இழுத்து முகத்தை மூடப் பார்த்தாள்.

"எத்தனைன்னு கேக்கறேன்!"

"ரெண்டு. இன்னிக்கு மட்டும்தான். கொஞ்சம் நல்லாக் காட்டட்டுமேன்னு..."

கூடப் பிறந்த நாளிலிருந்து அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தங்கை, அத்தனை பேர் முன்னால் கத்தினாள். "வாயைத் தொற! தொறக்கப் போறியா இல்லையா?"

அக்கா பயந்து போய்த் திறந்துவிட்டாள். பழச்சாறு பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் குறைந்தது. தங்கை டப்பாவைப் பிரித்து, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து நீட்டினாள்.

அக்கா முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். "ரொட்டி வேண்டாம்."

"சாறு மட்டும் போதாது. இதையும் சாப்பிடு."

"வேற எது வேணாலும் குடு. ரொட்டி மட்டும் வேண்டாம்டி."

"இங்க நின்னுக்கிட்டு நான் சோறு வடிக்க முடியுமா? சாப்பிடு!"

குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மயக்கத்தினால் என்று தங்கை நினைத்தாள்.

அவளுக்கும் பயம்தான். அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்தப் பயத்துக்கு நடுவிலேயே, 'இன்னிக்குப் பார்த்து இப்படி ஆயிடுச்சே, இனிமே எப்படிச் சொல்வேன்' என்றும் ஒரு நினைப்பு ஓடியது. சே, நானெல்லாம் ஒரு தங்கச்சியா என்று அவளுக்கே கூசியது.

*

கிளினிக்கில் நர்ஸம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்ததையெல்லாம் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"இது மூணு மாசத்துக் கணக்குச் சொல்ற டெஸ்ட்டும்மா. ஒரு வாரம் பட்டினி கிடந்து இதை ஏமாத்த முடியாது. ரிசல்ட் வந்துடுச்சு. போன தடவையை விட அதிகம்தான்."

அக்காவின் முகம் தொங்கிப் போனது. அத்தனை பட்டினியும் அநியாயத்துக்கு வீண்.

"வீட்டில் யார் சமைக்கிறது?"

"நான்தான்." இந்த நிலையிலும் அக்காவுக்குக் குரலில் ஒரு மிடுக்கு வந்தது.

"இனிமே மாத்திரையை நீங்களா எடுக்கக் கூடாது. வேற ஒருத்தர் எடுத்துக் குடுக்கணும். மூணு வேளையும் கூட ஒருத்தர் இருந்து, என்ன சாப்பிடறீங்கன்னு பார்த்துக்கணும். பட்டினியும் கூடாது, தட்டு நிறையச் சோறும் கூடாது. அப்படிப் பார்த்துக்க வீட்டில் யாராவது இருக்காங்களா?"

"என் தங்கச்சி இருக்கா" என்றாள் அக்கா. "அவ எங்கேயும் போக மாட்டா."

நர்ஸம்மா தங்கையைப் பார்த்தாள். "இருப்பீங்கதானே?"

தங்கையின் தலை தானாக ஆடியது. ஆடி முடித்த பிறகுதான், என்னத்துக்கு ஆடியது என்று புரிந்தது. நாலு சுவரும் ஒரு அடி உள்ளே நகர்ந்த மாதிரி இருந்தது.

*

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அடுப்பு உன்னோடதுடி. நீ வைக்கறதை நான் சாப்பிடறேன். வெள்ளரிக்காயைப் பச்சையாக் குடுத்தாலும் சரி."

எத்தனை நாள் ஆசைப்பட்ட வார்த்தை! இப்போது காதில் விழுந்தபோது கையில் விலங்கு மாட்டுகிற சத்தம்தான் கேட்டது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதுமே சொல்ல முடியாது என்று தங்கைக்குத் தெரிந்தது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பூட்டுக் கடை மாடிதானே?"

தங்கை அவள் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்க அத்தான் பஸ் ஓட்டற ரூட்டுல இறங்கி ரகசியமா வீடு பார்த்தா தெரியாம இருக்குமா? நீங்க ரெண்டு பேரும் அந்த மாடியேறினதைக் கண்ணாடியிலயே பார்த்துட்டாரு." அக்கா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். "காலையில ரத்தம் குடுத்துட்டு அங்கதான் போனேன். அந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. என் தங்கச்சி வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரைக் கேக்கணும்?"

"என்னைக் கேக்கணும்! சாப்பாட்டுலதான் என் இஷ்டம்னு ஒண்ணு இல்லை. எங்க இருக்கணுங்கறதிலயும் இல்லையா?"

அக்கா ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் வந்த புதுசுல அரிசி விக்கற கடைக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். உங்க அத்தான் விடியறதுக்கு முன்னாடி போனா இருட்டினப்புறம்தான் வருவாரு. வெளியிலேயே எதையாவது சாப்பிட்டுப்பாரு. நான் ரொட்டியைத் தண்ணில நனைச்சு, மிளகாப்பொடி தொட்டுக்கிட்டு, தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே முழுங்குவேன். ஒரு நாளா ரெண்டு நாளா? வருஷக் கணக்கா. இன்னிக்கு நீ ஊட்டினியே, அந்த வாசனை வந்ததும் அந்தச் சுவரெல்லாம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு."

தங்கை அப்போதுதான் தலை வலையைக் கழற்றிக் கையில் சுருட்டினாள்.

"அப்புறம் பக்கத்துலயே கடை வந்துச்சு. அரிசி வந்துச்சு. ஆனா ஒருத்திக்காக உலை வைக்கத் தோணலை. உன்னை எதுக்கு அழைச்சுட்டு வந்தேன்னு நினைக்கறே? கொழுந்தனுக்கு வேற பொண்ணு கிடைக்காமலா? எனக்குக் கூட உக்காந்து சோறு சாப்பிட ஒரு ஆள் வேணும்டி. அதுக்குத்தான்."

"நாம என்னிக்குக்கா கூட உக்காந்து சாப்பிட்டோம்?"

கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. வந்துவிட்டது.

"நீ கரண்டியோட நிப்பே. நான் தொட்டிகிட்ட நின்னு முழுங்குவேன். நீ எந்த இடத்துல நின்னியோ, அதே இடத்துல என்னைக் கொண்டுவந்து நிறுத்திட்டே. ரொட்டிக்குப் பதிலா சோறு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தங்கைக்குத் தைரியம் இல்லை.

பஸ் வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். அக்கா ஜன்னலோரத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தாள்.

தங்கைதான் முதலில் பேசினாள். "அப்படி நான் இருந்தா, வீட்டுல ஒரு வேளைதான் சோறு."

"சரி."

"நாற்காலியில உக்காந்துதான் சாப்பிடுவேன். நீயும் உக்காரணும்."

"சரி."

"என் தட்டுல நான்தான் போட்டுக்குவேன்."

"சரிடி. நீ சொன்னாச் சரி."

கேட்டதற்கெல்லாம் சரி. அதுதான் தங்கைக்குப் பயமாக இருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைச் சாக்காக வைத்துக் கோபித்துக்கொண்டு போய்விடலாம். சரி சரி என்கிறவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? அக்கா தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு வாரப் பட்டினிக்குப் பிறகும் அந்தத் தலை கனமாகத்தான் இருந்தது.

பைக்குள் போன் அதிர்ந்தது. கணவர்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"தேவலை. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம்."

"நல்லவேளை. இங்க என்ன ஆச்சு தெரியுமா? காலையில யாரோ ஒரு அம்மா வந்து, நாம வரலைன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டுப் போச்சாம். யாரோ ஆள் மாறி வந்திருக்காங்கன்னு நான் அடிச்சுப் பேசி, கையோட சாவியை வாங்கிட்டேன். மாடியிலதான் நிக்கறேன். ஜன்னலைத் திறந்தா நல்லா காத்து வருது. நாளைக்கே வந்துடலாமா?"

தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்கா தோளிலிருந்து தலையைத் தூக்காமலே, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில எனக்கு என்னடி குடுப்பே?"

"கேக்குதா? நாளைக்கு வந்துடலாமா?" என்றார் கணவர்.

"ரெண்டு முட்டை" என்றாள் தங்கை. "ஒரே ஒரு கரண்டி சோறு."

"என்னது?" என்றது போன்.